பூஜ்யமும் வெற்றுக் கட்டமும்

2008 செப்டம்பர் 15. நியூயார்க்கில் லீமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவால் மனு போட்ட நாள். அன்று உலகின் பெரிய வங்கிகளுக்கெல்லாம் அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு தொகைதான்: லீமனிடமிருந்து நமக்கு மொத்தம் எவ்வளவு வர வேண்டும்? வெறும் கூட்டல் கணக்கு. ஆனால் பல வங்கிகளால் அதை உடனே போட முடியவில்லை. கொடுத்த கடன் ஒரு கணினியில் இருந்தது, பத்திர வர்த்தகம் இன்னொன்றில், வெளிநாட்டுக் கிளையின் கணக்கு வேறொன்றில். லீமனுக்கோ ஏராளமான துணை நிறுவனங்கள். எந்தப் பெயருக்குப் பின்னால் எந்த நிறுவனம் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிட்டது.

அந்தத் தடுமாற்றத்திலிருந்து இரண்டு ஏற்பாடுகள் பிறந்தன. ஒன்று, எல்இஐ என்ற, எழுத்துகளும் எண்களும் கலந்த 20 இட அடையாளக் குறியீடு. நிதிச் சந்தையில் இறங்கும் நிறுவனத்துக்கு உலகம் முழுக்க ஒரே குறியீடு. இன்று இந்தியாவிலும் பெரிய கடன் வாங்கும் நிறுவனங்களிடம் ரிசர்வ் வங்கி இதைக் கேட்கிறது. இன்னொன்று, வங்கிகளுக்கான சர்வதேச நெறிகளை வகுக்கும் பாசெல் குழு 2013 ஜனவரியில் வெளியிட்ட 14 கோட்பாடுகள். சுருக்கமாகச் சொன்னால், ஒரு வங்கி தன் மொத்த அபாயத்தையும் விட்டுப்போகாமல், பிழையில்லாமல், உரிய நேரத்துக்குள் கூட்டிச் சொல்ல வேண்டும். மிகப் பெரிய வங்கிகளுக்கு 2016 ஜனவரி வரை கெடு. 2023இல் பாசெல் குழு 31 பெரிய வங்கிகளை எடுத்துப் பார்த்தது. எல்லாக் கோட்பாடுகளையும் முழுமையாக நிறைவேற்றியிருந்தவை இரண்டே இரண்டு. கோடி கோடியாகச் செலவழிக்கக்கூடிய நிறுவனங்களுக்கே தங்களிடம் இருப்பதைக் கூட்டிச் சொல்வது இவ்வளவு கடினம் என்றால், அந்தக் கூட்டலுக்குள் என்னதான் இருக்கிறது?

இதைத் தினமும் செய்கிறவர்களில் ஒருவருக்கு 'சீனியர் டெக்னாலஜி ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட்' என்று பதவிப் பெயர். இவர் எண்ணுவது பணத்தை அல்ல, பணத்தைச் சுமக்கும் இயந்திரங்களை. எத்தனை சர்வர்கள் ஓடுகின்றன, எத்தனை மணி நேரம் படுத்தன, பாதுகாப்புத் திருத்தம் போடாமல் எத்தனை கிடக்கின்றன, போன வாரம் செய்த மாற்றங்களில் எத்தனை சொதப்பின? இவற்றையெல்லாம் திரட்டி வங்கியின் இயக்குநர் குழுவுக்கும் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் ஒன்றிரண்டு பக்கமாகக் கொடுக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், சிட்டி, பிஎன்ஒய் எனப் பல வெளிநாட்டு வங்கிகளுக்குச் சென்னையில் பெரிய தொழில்நுட்ப மையங்கள் உண்டு. அத்தகைய மையங்களில் நடக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று.

அந்தப் பக்கத்தில் வரும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம்: 99.9 சதவீதம். ஒரு கணினி அமைப்பு ஆண்டில் எவ்வளவு நேரம் இயங்கியது என்பதன் அளவு இது. பரீட்சையில் இந்த மதிப்பெண் வந்தால் இனிப்பு கொடுப்போம். ஆனால் ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1 சதவீதம் என்பது 8 மணி 45 நிமிடம். ஒரு முழு வேலைநாள் வங்கி இயங்கவில்லை என்று பொருள். இன்னொரு 9 சேர்த்து 99.99 என்றால் அது 53 நிமிடத்துக்குள் வந்துவிடும். மேலும் ஒரு 9 சேர்த்தால் ஐந்தே கால் நிமிடம். புள்ளிக்குப் பின்னால் சேரும் ஒவ்வொரு 9க்கும் முந்தையதைவிடப் பத்து மடங்கு கறாரான ஒழுங்கு வேண்டும்.

இதைவிட வியப்பானது, இந்த எண்கள் ஒன்றோடொன்று சேரும் விதம். நீங்கள் செல்போனில் பணம் அனுப்பும்போது செயலி, உங்களை அடையாளம் காணும் அமைப்பு, பணப் பரிமாற்ற அமைப்பு, கணக்குகள் இருக்கும் கோர் பேங்கிங், இவற்றை இணைக்கும் நெட்வொர்க் எனக் குறைந்தது ஐந்து வேலை செய்தாக வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே 99.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் கோளாறுக்கும் இன்னொன்றின் கோளாறுக்கும் தொடர்பில்லை என்றால் ஐந்தையும் பெருக்க வேண்டும். வருவது 99.5. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 44 மணி நேரம்! ஐந்து துறைத் தலைவர்களும் தங்கள் அறிக்கையில் 99.9 என்று உண்மையாகவே எழுதியிருப்பார்கள். வாடிக்கையாளர் மட்டும் ஏறக்குறைய இரண்டு நாள் தவித்திருப்பார். இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுவது அனலிஸ்டின் வேலை.

அந்த 8 மணி 45 நிமிடத்தை அளப்பது எப்படி? கடிகாரத்தைப் பார்த்தால் போதாதா? ஒரு கோளாறைக் கற்பனையாக எடுத்துப் பார்ப்போம். காலை 10:02க்கு முதல் பணப் பரிமாற்றம் தோற்கிறது. 10:09க்குக் கண்காணிப்புத் திரையில் எச்சரிக்கை வருகிறது. 10:15க்கு ஒருவர் 'டிக்கெட்', அதாவது கோளாறுப் பதிவு, போடுகிறார். 10:40க்கு அது 'பி1', அதாவது உச்ச அவசரம் என்று முத்திரை பெறுகிறது. 11:05க்கு சர்வரை மறுபடி எழுப்புகிறார்கள். தேங்கி நின்ற பரிமாற்றங்கள் தீர்ந்து நிலைமை சீராக 11:20 ஆகிறது. டிக்கெட்டை மூடும்போது மணி 11:50. இப்போது சொல்லுங்கள், வங்கி எவ்வளவு நேரம் படுத்திருந்தது? முத்திரை குத்தியதிலிருந்து சர்வர் எழுந்தது வரை கணக்கிட்டால் 25 நிமிடம். முதல் தோல்வியிலிருந்து நிலைமை சீரானது வரை என்றால் 78 நிமிடம். ஒரே சம்பவம், ஒரே பதிவேடு, மும்மடங்கு வித்தியாசம். என்னைக் கேட்டால் சரியான விடை 78தான், ஏனென்றால் அதுவே கவுன்ட்டரின் இந்தப் பக்கம் நின்றவருடைய நேரம். இந்தத் தொடக்கமும் முடிவும் எவை என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, மாதத்துக்கு மாதம் மாற்றாமல் காப்பதில்தான் இந்த வேலையின் பாதி நேர்மை இருக்கிறது.

கடிகாரத்திலேயே இன்னொரு விநோதமும் உண்டு. பிரிட்டனில் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அன்று மட்டும் 1 மணியிலிருந்து 2 மணி வரையிலான நேரம் இரண்டு முறை வரும். முதல் சுற்றில் 1:50க்குத் தொடங்கிய கோளாறு இரண்டாம் சுற்றில் 1:10க்குச் சரியானால், உண்மையில் போனது 20 நிமிடம். கணினி கழித்துப் பார்த்தால் கிடைப்பது மைனஸ் 40 நிமிடம்! தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்ட கோளாறு. இதற்காகத்தான் மும்பை, லண்டன், நியூயார்க் எங்கே நடந்தாலும் எல்லாவற்றையும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் பதிந்துவைத்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுகிறார்கள். ஐரோப்பாவில் 2018 ஜனவரியில் வந்த மிஃபிட் 2 சட்டப்படி, அதிவேகப் பங்கு வர்த்தகம் செய்யும் நிறுவனங்களின் கடிகாரம் அந்தப் பொது நேரத்திலிருந்து 100 மைக்ரோ நொடிக்கு மேல் விலகக் கூடாது. ஒரு நொடியைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரத்துக்குள் அப்படிப்பட்ட பங்குகள் ஆயிரத்துக்கு மேல் அடங்கிவிடும்.

நேரம் சரியாகக் கிடைத்தாலும் சராசரி ஏமாற்றும். ஒரு மாதத்தில் பத்துக் கோளாறுகள். ஒன்பது தலா 10 நிமிடத்தில் தீர்ந்தன. பத்தாவது 10 மணி நேரம் இழுத்தது. சராசரி 69 நிமிடம். நடந்த பத்தில் ஒன்றுகூட 69 நிமிடத்துக்குப் பக்கத்தில் இல்லை. அதனால் தேர்ந்த அனலிஸ்ட் சராசரிக்குப் பக்கத்தில் நடு மதிப்பையும் மிக மோசமான ஒன்றையும் சேர்த்தே காட்டுவார்.

நிறங்களும் அப்படித்தான். மேலாளர்களுக்குப் படிக்க நேரமில்லை என்று ஒவ்வொரு வரிக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை கொடுப்பது வழக்கம். 200 அமைப்புகளில் 199 பச்சை என்றால் தொகுப்பு வரியும் பச்சையாகிவிடும். மிச்சமிருக்கும் அந்த ஒன்று, எல்லாக் கணக்குகளையும் தாங்கும் கோர் பேங்கிங்காக இருக்கலாம். இத்தகைய அறிக்கைக்கு இந்தத் தொழிலில் 'தர்பூசணி' என்றே பெயர். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு.

இதுவரை பார்த்தது எண்களைக் கையாளும் கலை. எண்ணப்படும் பொருளின் பட்டியலே சரியில்லை என்றால்? அங்கேதான் இந்த வேலையின் ஆழம் இருக்கிறது. வங்கியின் சர்வர்கள் குறைந்தது மூன்று பட்டியல்களில் இருக்கும். சொத்துப் பதிவேட்டில் ஒன்று, பாதுகாப்புக் குறைகளைத் தேடும் ஸ்கேனரின் பட்டியலில் ஒன்று, கோளாறு டிக்கெட்டுகளில் ஒன்று. ஒரே சர்வரின் பெயர் முதல் பட்டியலில் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவதில் சிறிய எழுத்தில், பின்னால் நெட்வொர்க்கின் பெயர் ஒட்டியிருக்கும். மூன்றாவதில் பெயரே இராது, 'பேமெண்ட் சர்வர் பழையது' என்று யாரோ அவசரத்தில் தட்டியிருப்பார். எஸ்க்யூஎல் எனும் வினவல் மொழியில் நான்கு வரி எழுதி இந்த மூன்றையும் பொருத்தினால், பொருந்தாதவை சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். விடை அழகாகத்தான் வரும், குறைந்த எண்ணிக்கையோடு. அனுபவசாலி முதலில் கேட்பது வந்த விடையை அல்ல, எத்தனை உதிர்ந்தன என்பதை.

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை 2017இல் அமெரிக்கா கண்டது. கோடிக்கணக்கானோரின் கடன் வரலாற்றை வைத்திருக்கும் நிறுவனம் ஈக்விஃபேக்ஸ். அதன் இணையதளங்களில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருள் இருந்தது. அந்த மென்பொருளில் ஓட்டை இருப்பது மார்ச் மாதம் வெளியாகி, திருத்தமும் வந்துவிட்டது. 48 மணி நேரத்துக்குள் எல்லோரும் திருத்தத்தைப் போட வேண்டும் என்று உள்ளுக்குள் மின்னஞ்சல் போனது. ஆனால் பெறுநர் பட்டியல் பழையது. ஒரு வாரம் கழித்து ஸ்கேனரை ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை. மே மாத நடுவில் திருடர்கள் அதே ஓட்டை வழியாக உள்ளே வந்தார்கள். நெட்வொர்க்கில் மறைகுறியாக்கிப் போகும் தகவல்களைப் பிரித்துச் சோதிக்கும் கருவி ஒன்று அங்கே இருந்தது. அதற்குத் தேவையான டிஜிட்டல் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. கருவி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தார்கள். உடனே சந்தேகமான போக்குவரத்து தெரிந்தது. அதற்குள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போய்விட்டன.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். கண்டுபிடித்த ஓட்டைகள் பூஜ்யம், தெரிந்த ஊடுருவல்கள் பூஜ்யம் என்றுதான் எந்த அறிக்கையிலும் வந்திருக்க முடியும். உண்மையில் அந்த இரண்டு கட்டங்களிலும் பூஜ்யம் இல்லை. அவை வெற்றுக் கட்டங்கள். தேடிப் பார்த்து ஒன்றும் இல்லை என்பது வேறு, தேடவே இல்லை என்பது வேறு. பள்ளியில் பின்னம் படித்தபோது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று படித்தோமே, இந்தத் தொழிலில் ஆபத்து பெரும்பாலும் பகுதியில்தான் ஒளிந்திருக்கிறது. 'ஓட்டை உள்ளவை 0' என்று எழுதுவது பாதி வாக்கியம். 'இருக்க வேண்டிய இத்தனை சர்வர்களில் இத்தனையைத் தேடினோம், அவற்றில் ஓட்டை உள்ளவை 0' என்றால்தான் அது தகவல். அதனால் நல்ல அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'கவரேஜ்' என்ற இன்னோர் எண் வரும். பார்க்க வேண்டியதில் எவ்வளவைப் பார்த்தோம் என்பதே அது. என் கணிப்பில் பக்கத்திலேயே மிக மதிப்புள்ள எண் அதுதான்.

தகவல் வந்தும் வீணாவதும் உண்டு. 2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேபிடல் என்ற நிறுவனம் புதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் ஏற்றியிருக்க வேண்டும். ஏழில் ஏற்றியிருந்தார்கள், ஒன்று விட்டுப்போயிருந்தது. அந்த ஒன்றில் பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய நிரல் தூங்கிக்கொண்டிருந்தது. காலை 9:30க்குச் சந்தை திறந்ததும் அது விழித்து, நிறுத்தாமல் வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் நடந்தன. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல், அதாவது நிமிடத்துக்கு ஒரு கோடி டாலர். வியப்பு இதில்லை. சந்தை திறப்பதற்கு முன்பே, 8 மணியிலிருந்து அந்த நிறுவனத்தின் கணினியே 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அந்தப் பழைய நிரலின் பெயர் அவற்றில் இருந்தது. எச்சரிக்கை என்று வகைப்படுத்தப்படாததால் யாரும் அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. ஓயாமல் வரும் செய்திகளில் எதை மேலே தூக்கிக் காட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதும் ரிப்போர்ட்டிங்தான்.

எண் எங்கே பிறந்து, யார் யார் கைகளைக் கடந்து, என்னென்ன கணக்குகளுக்கு உட்பட்டு இந்தப் பக்கத்துக்கு வந்தது என்ற முழு வழியையும் 'டேட்டா லீனியேஜ்', அதாவது தரவுத் தடம் என்கிறார்கள். அந்தத் தடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே 2012இல் ஒரு சான்று உண்டு. ஜேபி மார்கன் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் அபாயத்தை அளக்கும் ஒரு மாதிரி, எக்செல் தாள்களில் ஓடியது. ஒரு தாளிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் காப்பி, பேஸ்ட். அதில் ஓரிடத்தில் இரண்டு எண்களின் சராசரியால் வகுக்க வேண்டும். கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். கூட்டுத்தொகை சராசரியைப் போல இரு மடங்கு. ஆகவே ஏற்ற இறக்கம் பாதியாகத் தெரிந்தது, அபாயமும் சிறியதாகத் தெரிந்தது. அந்த அலுவலகத்தின் வர்த்தகத்தில் கடைசியில் போனது 620 கோடி டாலர். அவ்வளவுக்கும் அந்த ஒரு பிழையே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எந்தக் கட்டத்தில் எந்தச் சூத்திரம் இருக்கிறது என்று இன்னொருவர் நடந்து பார்க்கத் தடம் இருந்திருந்தால், அந்தப் பிழையைப் பள்ளி மாணவர்கூடப் பிடித்திருப்பார்.

ஒழுங்குமுறை அமைப்புகள் இப்போது இதை விடாமல் கேட்கின்றன. தரவுகளையும் அபாயக் கண்காணிப்பையும் ஒழுங்குபடுத்தவில்லை என்று சிட்டி வங்கிக்கு 2020இல் 40 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. முன்னேற்றம் போதவில்லை என்று 2024இல் மேலும் 13.6 கோடி டாலர். இந்தியாவில் இணையத் தாக்குதல் போன்ற சம்பவம் நடந்தால் 2 முதல் 6 மணி நேரத்துக்குள் வங்கி ரிசர்வ் வங்கிக்குச் சொல்லியாக வேண்டும். 2024 ஏப்ரலில் கோட்டக் மஹிந்திரா வங்கி இணையம், மொபைல் வழியாகப் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கவும் புதிய கிரெடிட் கார்டு கொடுக்கவும் ரிசர்வ் வங்கி தடை போட்டது. தடை நீங்க 2025 பிப்ரவரி ஆனது. அந்த உத்தரவில் குறைகளை அடுக்கியபோது முதலில் சொல்லப்பட்டது தொழில்நுட்பச் சொத்துப் பட்டியல் நிர்வாகம். அடுத்தது திருத்தங்களும் மாற்றங்களும். தன்னிடம் என்னென்ன இயந்திரங்கள் இருக்கின்றன என்று சரியாக எண்ணி வைப்பது ஒரு வங்கியின் வியாபாரத்தையே நிறுத்தக்கூடிய விஷயம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இந்த அறிக்கைகள் பெரும்பாலும் வங்கிக்கு வெளியே வருவதில்லை. ஒன்று மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது: யுபிஐ பணப் பரிமாற்றத்தைப் பற்றியது. 2016இல் தொடங்கிய யுபிஐ, 2025 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. நாளொன்றுக்கு 64 கோடி, நொடிக்கு ஏழாயிரத்துக்கும் மேல். ஆயிரத்தில் ஒன்று தோற்றாலும் ஒரு நாளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நின்றுபோகும். தோற்கும் ஒவ்வொன்றும் ஒரு குறியீட்டோடு திரும்பி வருகிறது. கணக்கில் பணம் போதாவிட்டால் 'இசட்9'. ரகசிய எண் தப்பானால் 'இசட்எம்'. இவை வாடிக்கையாளர் பக்கத்துக் காரணங்கள் என்பதால் 'பிசினஸ் டிக்ளைன்' என்ற கணக்கில் சேரும். வங்கியின் சர்வரோ நெட்வொர்க்கோ பதில் சொல்லாததால் நின்றால் அது 'டெக்னிக்கல் டிக்ளைன்'. பழி யார் பக்கம் என்பதைத் தோற்கும் ஒவ்வொன்றுக்கும் பிரித்துப் போடும் ஏற்பாடு இது.

இந்த இரண்டு வகைகளின் சதவீதங்களையும் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ தன் இணையதளத்தில் மாதந்தோறும் வங்கி வாரியாக வெளியிடுகிறது. உங்கள் வங்கி அதில் இருந்தால் அதன் வரியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பார்க்கும்போது சதவீதத்துக்கு நேராகப் போய்விடாதீர்கள். மொத்தப் பரிவர்த்தனை எவ்வளவு என்ற கட்டத்தை முதலில் படியுங்கள், பிறகு டெக்னிக்கல் டிக்ளைனைப் படியுங்கள். பத்துக் கோடியில் அரை சதவீதம் என்பது ஐந்து லட்சம்.